காலியாக வாங்கிய ஃப்ரீசர்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் என் வேலை போட்டிக் கம்பெனிகளைக் கவனிப்பது. பக்கத்துத் தெருவில் பிரேக் உதிரிபாகம் செய்கிறவர்கள் எந்தக் கார்க் கம்பெனிக்கு யார் சப்ளை செய்கிறார்கள் என்பதை விரல்நுனியில் வைத்திருப்பார்கள். அதைப்போல, மரபணுத் தொழிலில் யார் யாருக்கு எதை விற்கிறார்கள் என்பது என்னிடம் இருக்க வேண்டும். உயிர்த்தொழில்நுட்பத்தில் முதுகலை முடித்து ஆய்வகத்தில் சேரத்தான் வந்தேன். மூன்றாம் மாதம் நான் போட்டு வைத்திருந்த ஓர் அட்டவணையை முதலாளி பார்த்தார். "உங்களுக்கு பைப்பெட் வேணாம்மா, எக்ஸெல் போதும்" என்றார். அன்றிலிருந்து மேசைதான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விஞ்ஞானம். உள்ளே வந்தால் மற்ற எந்தத் தொழிலையும் போலத்தான். மேலே, டி.என்.ஏ.வைப் படிக்கும் இயந்திரம் செய்யும் சில வெளிநாட்டுக் கம்பெனிகள். இயந்திரத்தை ஒரு முறை விற்றுவிட்டு அதற்கான ரசாயனத்தை மாதாமாதம் விற்பார்கள். பிரிண்டரும் மையும் மாதிரி. அவர்களுக்குக் கீழே ஏஜென்ட்டுகள். பக்கத்தில், ஆய்வகங்களுக்கு வேண்டிய சின்னச் சின்ன டி.என்.ஏ. துண்டுகளை ஆர்டரின் பேரில் செய்து தருபவர்கள். அடுத்து எங்களைப் போன்றவர்கள்: கல்லூரிகளும் விதைக் கம்பெனிகளும் அனுப்பும் மாதிரிகளைப் படித்து, தகவலைத் திருப்பி அனுப்புவோம், நோயாளி யாரையும் பார்க்க மாட்டோம். நோயாளிகளுக்கு அறிக்கை தருபவர்கள் தனி. அறிக்கையைப் படித்துப் பொருள் சொல்லும் மென்பொருள் மட்டும் விற்பவர்கள் தனி. எச்சிலை வாங்கிக்கொண்டு உங்கள் முன்னோர் யார், எந்த எண்ணெயில் சமைக்கலாம், முடி எப்போது கொட்டும் என்றெல்லாம் சொல்பவர்கள் தனி. பனிப்பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு வீடுவீடாக ரத்தம் எடுப்பவர்கள் எல்லோருக்கும் பொது.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வரிசை. என்ன விற்கிறது, எத்தனை நாளில் தருகிறது, யாருடைய இயந்திரம், எந்த டாக்டர்கள் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் புதுப்பிப்பேன். அவர்களுடைய செய்திமடல் எல்லாவற்றுக்கும் அலுவலக மெயிலைக் கொடுத்துச் சேர்ந்திருந்தேன். ஒரு கம்பெனி மூடினால் அதன் வரிசையை வெட்டி 'மூடியவை' என்ற தாளில் ஒட்டுவேன். அந்தத் தாளை யாரும் திறப்பதில்லை. நானும்தான்.

நான் குடியிருப்பது கள்ளிக்குப்பத்தில், ஒரு மாடி போர்ஷனில். கீழே வீட்டுக்காரர்கள். அண்ணன் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து திருவேற்காடு வரை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அக்கா எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவு. வீடு பார்க்க வந்த அன்று என்ன வேலை என்று கேட்டார்கள். டி.என்.ஏ. கம்பெனி என்றேன்.

"படத்துல கொயந்தைக்கு அப்பன் யாருன்னு கண்டுபுடிப்பானுங்களே, அத்தானா?" என்றார் அண்ணன்.

"அப்பன் யாரா இருந்தா நமக்கு இன்னா? வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வந்துட்டா போதும்" என்றார் அக்கா.

அவர்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருந்தாள். மாடிப்படியில் என்னைப் பார்க்க ஏறி வருவாள். ஒவ்வொரு படிக்கும் தன் தொடையில் கையை ஊன்றித் தன்னைத்தானே தூக்கிக்கொள்வாள். முதலில் அதை விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு தரையிலிருந்து எழும்போதும் அப்படியே செய்தாள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தசை தளரும் நோய் என்று சந்தேகப்பட்டு, மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார்கள். அக்கா அதை என்னிடம் கொண்டுவந்தார்.

"உன் லைன் தான இது. எங்க போனா நல்லாப் பண்ணுவாங்கோ, நீயே சொல்லு."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க முடியாது. அன்று மாலையே அட்டவணை போட்டேன். இந்த வேலையைச் செய்யும் கம்பெனிகள், கட்டணம், எத்தனை மரபணுக்களைப் பார்க்கிறார்கள், அறிக்கை எவ்வளவு தெளிவாக இருக்கிறது, மாதிரியைத் தூரம் அனுப்ப வேண்டுமா. எங்கள் எஸ்டேட்டிலேயே மூன்று தெரு தள்ளி இருந்த ஒரு கம்பெனி எல்லாப் பத்தியிலும் நன்றாக வந்தது. அங்கேயே போகச் சொன்னேன். நானே கூடப் போனேன். ரத்தம் எடுக்கும்போது குழந்தை ஊசியைப் பார்க்காமல் என் பேட்ஜில் இருந்த என் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரத்தில் அறிக்கை வந்தது. அக்காவுக்கு நான் இப்படி விளக்கினேன். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதி. ஒன்று அப்பா கொடுப்பது, ஒன்று அம்மா கொடுப்பது. இரண்டும் பழுதானால்தான் இந்த நோய். ஒன்று மட்டும் பழுதென்றால் ஒன்றும் ஆகாது; அண்ணனும் அக்காவும் அப்படித்தான் நன்றாக இருக்கிறார்கள். பாப்பாவுக்கு அண்ணனிடமிருந்து வந்த பழுது எது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அக்காவிடமிருந்து வந்தது என்ன என்று இன்னும் தெரியவில்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது: குழந்தையின் டி.என்.ஏ. ஆய்வகத்தில் பாதுகாக்கப்படும், பின்னாளில் தேவைப்பட்டால் மறுபடியும் பார்க்கலாம்.

"எவ்ளோ நாளு வெச்சிருப்பாங்கோ?" என்று அக்கா கேட்டார்.

"அதெல்லாம் வருஷக்கணக்கா கெடாதுக்கா. மைனஸ் எண்பது டிகிரி குளிர்ல வெப்பாங்க."

டி.என்.ஏ.வைப் பற்றி அது சரியான பதில். அக்கா கேட்டது கம்பெனியைப் பற்றி என்பது எனக்குத் தோன்றவில்லை. போட்டிக் கம்பெனிகள் எப்போது மூடும் என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தோன்றவில்லை. நான் போட்ட அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டியது. இருமி வெளியே தள்ள தசையில் பலம் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். பத்தாம் நாள் காலையில் அண்ணனுடைய ஆட்டோவிலேயே உடலைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் அவளைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. அறிக்கை இருந்த கவர் அவர்கள் பீரோவில் எங்கோ இருந்தது.

அந்தக் கம்பெனி மூடியது அதற்கு ஒரு வருடம் கழித்து. காரணங்களை நான் முன்பே எழுதி வைத்திருந்தேன். மற்றப் பெருநகரங்களின் பெரிய ஆய்வகங்கள் விலையைக் குறைத்துக்கொண்டே போயின. ஒரு முதலீட்டாளர் வருவதாகச் சொல்லி வரவில்லை. விற்பனைப் பையன்கள் ஒவ்வொருவராக எங்களிடம் வேலை கேட்டு வந்தார்கள். ஒரு நாள் செய்திமடலின் இடத்தில் வேறொரு மெயில் வந்தது. சேவையை நிறுத்துகிறோம், மாதிரியோ தகவலோ வேண்டுவோர் அறுபது நாளுக்குள் எழுத்தில் கேட்கவும், அதன்பின் விதிப்படி அழிக்கப்படும். வாடிக்கையாளர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினார்களாம். அண்ணன் அதற்குள் நம்பர் மாற்றியிருந்தார்.

எனக்கு அந்த மெயில் ஒரு திங்கட்கிழமை வந்தது. முழுதாகப் படித்தேன். அறுபதாவது நாள் எந்தத் தேதி என்று கணக்கிட்டு எழுதினேன், ஏனென்றால் அதற்குப் பிறகு அவர்களுடைய டாக்டர்களை எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆய்வகம் அணுகலாம். வரிசையை வெட்டினேன். 'மூடியவை' தாளில் ஒட்டினேன்.

மூன்று மாதம் கழித்து முதலாளி அவர்களுடைய மைனஸ் எண்பது ஃப்ரீசரைப் பேசி முடித்தார். புதிதாக வாங்கினால் ஆகும் விலையில் பாதிகூட இல்லை. எடுத்துவர என்னை அனுப்பினார், செக்லிஸ்ட் போடத் தெரிந்தவள் என்று. நான் பதினோரு பாயின்ட் எழுதிக்கொண்டு போனேன். கம்ப்ரசர் சத்தம், கதவு ரப்பர், அலாரம், சாவி, இப்படி. ஏழாவது பாயின்ட்: 'உள்ளே காலி.'

அங்கே விளக்குகள் பாதி எரியவில்லை. அவர்களுடைய லேப் டெக்னீஷியன் ஒருவர் மட்டும் இருந்தார். ஃப்ரீசரைத் திறந்தபோது வெள்ளைப் புகை வந்து தரையில் இறங்கியது. உள்ளே அடுக்கடுக்காக அட்டைப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் எண்பத்தொரு குழாய்.

"மேடம், இதெல்லாம் உங்களுக்கு வேணுமா? ஃப்ரீயா தர்றேன், ஒண்ணு எடுத்தா ஒண்ணு ஆஃபர்" என்று சிரித்தார் அவர். ஆறு மாதமாகச் சம்பளம் வராதவரின் சிரிப்பு.

"காலியாத்தான் வேணும்" என்றேன். "கழிவு வண்டி வந்துருச்சா?"

"கீழ நிக்குது. மஞ்ச கவரும் கீது."

அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மஞ்சள் கவரில் போட்டார். பெட்டிகளின் மேல் பெயர் இல்லை, எண் மட்டும். எண்ணின் முதல் இலக்கங்களில் எந்த வருடத்துப் பெட்டி என்று தெரிந்தது. நான் ஞாபகமில்லை என்று எழுதினால் இதைப் படிப்பவர்கள் நம்பிவிடுவார்கள். ஆனால் ஞாபகம் இருந்தது. அந்த வருடத்துப் பெட்டி அவர் கையில் இருந்தபோது, பாப்பாவுடையது இதில்தான் இருக்கும் என்று தோன்றியது. ஊசியைப் பார்க்காமல் அவள் என் பேட்ஜைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. இனி அவர்களுக்கு எதற்கு என்று நினைத்தேன். போய்ச் சொன்னால் ஆறிய புண்ணைக் கிளறுவதாக ஆகும் என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைக்க ஒரு பெட்டி கவருக்குள் விழும் நேரம்தான் ஆனது. ஏழாவது பாயின்ட்டில் டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.

அந்த ஃப்ரீசர் இப்போதும் எங்கள் ஆய்வகத்தில் ஓடுகிறது. நன்றாக ஓடுகிறது.

ஃப்ரீசரை எடுத்துவந்து எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மேலே வந்தார். முகத்தில் வெட்கமும் பயமும் சேர்ந்திருந்தது. நாள் தள்ளிப் போயிருக்கிறது, ஆஸ்பத்திரியில் உறுதி செய்துவிட்டார்கள். கையில் அந்தப் பழைய கவர்.

"டாக்டரம்மா இத்த பாத்துட்டு, மொத கொயந்தையோட டி.என்.ஏ. கெடைக்குமான்னு கேட்டாங்கோ. அத்த வெச்சித்தான் இத்துக்கு கீதா இல்லியான்னு சொல்ல முடியுமாம். நான் சொல்லிட்டேன், மாடில நம்ம பொண்ணு கீது, அது வாங்கியாந்துடும்னு. நீதான சொன்ன, வருசக்கணக்கா கெடாதுன்னு."

"விசாரிக்கிறேன்க்கா" என்றேன். கவரை வாங்கிக்கொண்டேன்.

மூன்று நாள் விசாரித்தேன். யார் எதை வாங்கினார்கள் என்று கண்டுபிடிப்பதுதானே என் வேலை. கம்பெனியின் பெயரையும் வெப்சைட்டையும் வேறு மாநிலத்தில் ஒருவர் வாங்கியிருந்தார். டாக்டர்களின் பட்டியலை இன்னொருவர். இயந்திரத்தை ஏஜென்ட்டே திருப்பி எடுத்துக்கொண்டார். நாற்காலிகள் பக்கத்துத் தெரு பிரேக் கம்பெனியின் கேன்டீனில் இருந்தன. படித்த தகவலை வைத்திருந்த சர்வருக்கு வாடகை கட்டாமல் எல்லாம் அழிந்திருந்தது. விலை போகக்கூடியது எல்லாவற்றையும் யாரோ எடுத்திருந்தார்கள். குழாய்களுக்கு விலை இல்லை. அவற்றைக் காலி செய்து கொடுங்கள் என்று கேட்டவள் நான்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் கருவைச் சோதித்தார்கள். அண்ணனுடைய பழுது அதற்கும் வந்திருந்தது. அக்காவிடமிருந்து நல்ல பிரதி வந்திருந்தால் குழந்தைக்கு ஒன்றும் இல்லை. பழுதான பிரதி வந்திருந்தால் மூத்தவளைப் போலவே. பாதிக்குப் பாதி. அதற்கு மேல் அவர்களால் சொல்ல முடியவில்லை. கருவை வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க வாரங்கள் எண்ணித்தான் இருந்தன.

அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்த அந்தக் கம்பெனியின் விஞ்ஞானி காட்டுப்பாக்கத்தில் இருப்பதாகத் தெரிந்து, அவருடைய ஃபிளாட்டுக்குப் போனேன். என்னைவிடச் சில வயது பெரிய பெண்மணி. இப்போது வீட்டிலிருந்தபடி இரண்டு மூன்று ஆய்வகங்களுக்கு அறிக்கை எழுதித் தருகிறார். நான் எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஃப்ரீசர எடுத்தது நீங்கதானே?"

"ஆமா."

"உள்ள இருந்தது?"

"மஞ்ச கவர்ல போச்சு. நான்தான் காலியா வேணும்னேன்."

அவர் அறிக்கையைக் கையில் வாங்கினார். "நானும் அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கெளம்பிட்டேன். யாராவது கேட்டு வந்தா என்ன பண்றதுன்னு ஒரு பேப்பர்கூட எழுதி வைக்கல" என்றார். பிறகு அறிக்கையை விரித்தார். "அம்மாகிட்ட இருந்து வந்த பழுது என்னன்னு நமக்குத் தெரியவே வேணாம். அம்மாகிட்ட ரெண்டு பிரதி இருக்கு. மூத்த கொழந்தைக்கு எது போச்சோ அதான் பழுது. வயித்துல இருக்குறதுக்கும் அதே போயிருக்கா, இல்ல மத்ததா, அத மட்டும் பாத்தா போதும். அதுக்கு மூத்த கொழந்தையோட ஒரு துளி வேணும். பால்பல் ஏதாவது?"

"பல் விழற வயசு வரல."

"முடி?"

"மொட்டை அடிச்ச முடி. வேர் இருக்காது."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "தொப்புள்கொடி? தாயத்துல போட்டு இடுப்புல கட்டுவாங்களே. எங்க ஊர்ல எல்லாம் கட்டுவாங்க."

எங்கள் ஊரிலும் கட்டுவார்கள். எனக்கும் கட்டியிருந்தார்கள். மரபணு படித்த ஏழு வருடத்தில், காய்ந்து விழுந்த கொடியை வெள்ளிக் குழாயில் அடைத்து அரக்கு வைத்துப் பத்திரப்படுத்துவதும் ஒரு மாதிரியைப் பாதுகாப்பதுதான் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை.

அக்காவிடம் கேட்டேன். கம்பெனியில் இருந்தது இப்போது கிடைக்காது, மூடிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். தாயத்து இருக்கிறதா என்று கேட்டேன். அக்கா உள்ளே போய்த் தன் கம்பெனி ஐ.டி. கார்டை எடுத்துவந்தார். பிளாஸ்டிக் உறையில் கார்டுக்குப் பின்னால், கறுப்புக் கயிற்றோடு, சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளித் தாயத்து. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் நர்ஸ் அறுத்துக் கொடுத்தது. இரண்டு வருடமாக அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் ஷிஃப்ட்டுக்குப் போய்வந்திருக்கிறார். தினமும் படிக்கட்டில் என்னைத் தாண்டிப் போன கார்டு அது.

"தொறக்கணுமா?"

"ஆமாக்கா."

"திருப்பிக் குடுப்பாங்களா?"

"கொஞ்சம் எடுத்துக்கிட்டு மீதியைக் கொடுப்பாங்க."

திருவேற்காட்டில் அதைச் செய்துகொடுத்த அதே பத்தரிடம் போனோம், அண்ணனுடைய ஆட்டோவில். வழியில் சவாரிக்குக் கை காட்டியவர்களை எல்லாம் அண்ணன் தாண்டிப் போனார். பத்தர் தாயத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது. எல்லாம் மூட வருவாங்கோ. தொறக்கணும்னு யாருமே வந்ததில்ல."

"நாங்க எல்லாத்துலயும் புச்சு தலைவா" என்றார் அண்ணன். சிரிக்க முயன்றார். "பாத்து செய், கை ஆடப்போவுது."

"என் கை ஆடாது. நீ மூச்சு உடாம நில்லு, பறந்துடும்."

அவர் அரக்கை இளக்கி, மூடியை மெதுவாகத் திருகினார். நான் கொண்டுபோயிருந்த குழாயை அடியில் பிடித்தேன். ஒரு தட்டு தட்டியதும் உள்ளே விழுந்தது. பழைய கிராம்பு மாதிரி, கறுப்பாக, ஒரு அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக. அக்கா குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இம்மாந்துண்டு" என்றார். என்னிடம் திருப்பிக் கொடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

காட்டுப்பாக்கத்து அம்மா அதை முயன்று பார்க்க ஓர் ஆய்வகத்தைச் சம்மதிக்க வைத்திருந்தார். பாதியை வெட்டி எடுத்தார்கள். நான்கு நாள் கழித்து அழைப்பு வந்தது. டி.என்.ஏ. வந்திருக்கிறது, ஆனால் குறைவு, நைந்திருக்கிறது. மீதியையும் போட்டால் கிடைக்கலாம். உறுதி சொல்ல முடியாது.

வெயிலோடு கிளம்பி நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மோரில் உப்பு போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் கலக்குவதை நிறுத்தவில்லை.

"மீதி போட்டா ஒண்ணுமே இருக்காதா?"

"இருக்காதுக்கா."

"போடச் சொல்லு." சொம்பை என்னிடம் நீட்டினார். "குடி. வெய்யில்ல வந்துகினு கீற."

முடிவு வர இன்னும் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அக்கா வேலைக்குப் போனார். அண்ணன் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வராமல் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: அக்காவிடமிருந்து மூத்தவளுக்குப் போனது இந்தக் குழந்தைக்குப் போகவில்லை. மற்றது போயிருக்கிறது. நோய் வராது. அண்ணன் அங்கேயே, வராண்டாவில், சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னாலதான்" என்றார்.

அந்த ஒரு சொல்லைத் தாங்கிக்கொண்டு அந்த வீட்டு மாடியில் இருக்க என்னால் முடியவில்லை. இரண்டு வாரம் இருந்து பார்த்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கீழே போனேன். அக்கா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் எப்போதும் போல வரிசையாகச் சொன்னேன். கம்பெனி மூடுவதாக மெயில் வந்தது. அறுபது நாள் இருந்தது. நான் உங்களிடம் சொல்லவில்லை. ஃப்ரீசரை எடுக்கப் போனது நான். காலியாக வேண்டும் என்றது நான். பெட்டியைப் பார்த்தேன். பாப்பா ஞாபகம் வந்தது. இனி உங்களுக்கு எதற்கு என்று நினைத்தேன்.

அக்கா கிள்ளுவதை நிறுத்தினார்.

"பொட்டி மேல அத்தோட பேரு எழுதியிருந்துச்சா?"

"இல்லக்கா. நம்பர்தான்."

"பேரில்லாமத்தான் போட்டாங்களா."

"ஆமாக்கா."

முறத்தில் இருந்த காம்புகளை ஒரு ஓரமாக ஒதுக்கினார். குரல் உயரவே இல்லை.

"வயித்துல இது இல்லாம இருந்தாக்கூட நான் போய் வாங்கியாந்திருப்பேன். ஒரு குண்டூசி அளவு இருந்தாலும். எத்துக்குன்னு நீ கேட்டிருப்ப. சும்மாதான். என் கொயந்தைதான் அது. உங்க கம்பெனிங்களுக்கு அது இன்னான்னு எனக்குத் தெரியாது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "ஏந்து போ, கொசு கடிக்குது" என்றார்.

எங்கள் தொழிலில் தினமும் சேமிப்பதைப் பற்றித்தான் பேசுகிறோம். இத்தனை ஆயிரம் மாதிரி வைத்திருக்கிறோம் என்று விளம்பரம் கொடுக்கிறோம். விற்பனைக் கூட்டங்களில் நானே அப்படிப்பட்ட வரிகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு மாதிரி யாருடையது என்று கேட்டால், அனுப்பிய டாக்டர் பெயரைச் சொல்வோம், அல்லது கம்பெனியின் பெயரை. அக்காவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்பது எந்தப் படிப்பும் வேண்டாத விஷயம். ஐந்து நிமிட வேலை. மாடியிலிருந்து பதினெட்டுப் படி.

குழந்தைக்கு இப்போது ஏழு மாதம். குப்புற விழுந்து, தலையை நிமிர்த்தி, வாசலில் போகிற வண்டிகளைப் பார்க்கிறது. அக்கா என்னிடம் பேசாமல் இல்லை. மீன் குழம்பு வைத்தால் கிண்ணத்தில் மேலே வருகிறது. வாடகையை ஐந்தாம் தேதிக்குள் வாங்கிக்கொள்கிறார். குழந்தையைத் தூக்கச் சொல்லிக் கொடுக்கிறார். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசி அட்டை, ரத்தச் சோதனை முடிவு, எந்தக் காகிதமும் மாடிக்கு வருவதில்லை. தெருமுனை மெடிக்கல் ஷாப்காரரிடம் போகிறது. அவர் மருந்துப் பெயரைப் படிப்பார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

போன வாரம் காலையில் வேலைக்குக் கிளம்பி இறங்கி வந்தேன். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தார். கையில் ஒரு பெரிய வெள்ளைக் கவர், ஆஸ்பத்திரி முத்திரையோடு. ஒட்டியது பிரிக்கப்பட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அதைப் பைக்குள் வைத்தார். மறைக்கவில்லை, அவசரப்படவுமில்லை, வைத்தார், அவ்வளவுதான். நான் கேட்டிருக்கலாம். என்ன ரிப்போர்ட்டுக்கா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது.

"வேலைக்கா?" என்றார்.

"ஆமாக்கா."

"மய வர்ற மாதிரி கீது. கொட எத்துகினு போ."

நான் குடை எடுக்க மேலே திரும்பினேன். இறங்கி வந்தபோது அக்கா தெருமுனைக்குப் போய்விட்டிருந்தார். மெடிக்கல் ஷாப்காரர் இன்னும் ஷட்டரைத் தூக்கவில்லை. அக்கா அங்கேயே, படியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார்.